மைசூரில் கிறித்தவ மறைப்பணி: துபுவாவின் கணக்கும் கிருஷ்ணராஜரின் கல்வெட்டும்

மைசூர் நகரின் பழைய பகுதிகள் மொஹல்லா என்னும் உருதுச் சொல்லால் வழங்கப்படுகின்றன. கோட்டை, லஷ்கர், மண்டி, தேவராஜ, கிருஷ்ணராஜ, சாமராஜ, நஜர்பாத் எனப் பெயர் பெற்ற இப்பகுதிகளின் நடுவே அமைந்தது தேவராஜ மொஹல்லா. உடையார் மரபுக்குரிய அரசப் பெயரொன்று உருதுச் சொல்லோடு இணைந்து ஓர் ஊர்ப்பகுதியின் பெயரானதே இந்நகரின் இயல்பைக் காட்டப் போதுமானது. பூவும் குங்குமமும் வெற்றிலையும் விற்கும் தேவராஜச் சந்தை இங்குள்ளது. சந்தையின் முகப்பில் டஃபரின் பிரபுவின் பெயரால் எழுப்பப்பட்ட சிறிய மணிக்கூண்டு நிற்கிறது. தசராப் பெருவிழாவின் ஊர்வலம் அரண்மனையினின்று புறப்பட்டு இச்சந்தையை ஒட்டிய சயாஜிராவ் சாலை வழியே பன்னிமண்டபத்தை நோக்கிச் செல்கிறது. இதற்கு வடகிழக்கே, லஷ்கர் மொஹல்லாவில், 175 அடி உயர இரட்டைக் கோபுரங்களோடு புனித ஃபிலோமினா பேராலயம் நிற்கிறது. லஷ்கர் என்பது படைமுகாமைக் குறிக்கும் சொல். சந்தைக்கும் படைமுகாமுக்கும் அரண்மனைக்கும் இடைப்பட்ட சிறு பரப்பிற்குள் கோயிலும் மசூதியும் தேவாலயமும் அடுத்தடுத்து அமைந்த நகரம் இது.

இத்தகைய நகரில் கிறித்தவ மறைப்பணி என்ன செய்தது என்னும் வினாவிற்கு இருதரப்பாரும் பெரும்பாலும் ஓர் எண்ணையே விடையாகத் தந்துள்ளனர். எத்தனை பேர் மதம் மாறினர் என்பதே அவ்வெண். மிஷன்களின் ஆண்டறிக்கைகள் அதனைப் பெருமிதத்தோடு பதிவுசெய்தன. மிஷன்களை எதிர்த்தோர் அதே எண்ணை அச்சத்தோடு எடுத்துக்காட்டினர். மைசூரைப் பொறுத்தவரை இவ்வளவுகோலை வெளிப்படையாகக் கையாண்டு, மறைப்பணி தோற்றுவிட்டது என்று தீர்ப்புக் கூறியவர் ஒரு மறைப்பணியாளரே என்பது வியப்புக்குரியது. அவர் பிரெஞ்சுப் பாதிரியாரான அபே துபுவா (1766-1848). அவர் கணக்கு யாரைப் பொருட்படுத்தாது விட்டது என்பதையும், அவர் சென்ற இருபது ஆண்டுகளில் மைசூர் அரசர் கிறித்தவத்தை எந்த மொழியில் ஏற்றார் என்பதையும் ஒருசேர வைத்து நோக்கும்போது வேறொரு வரலாறு புலப்படுகிறது.

தமிழ்நிலத்தோடு பிணைந்த மிஷன்

'மைசூர் மிஷன்' என்னும் பெயர் இன்றைய கர்நாடக எல்லையை நினைவூட்டினாலும் அதன் தொடக்கக்கால வரலாறு தமிழ்நிலத்திலிருந்து பிரிக்கமுடியாதது. 1640களின் இறுதியில் இத்தாலியரான லியனார்தோ சின்னாமி என்னும் இயேசு சபைத் துறவி ஸ்ரீரங்கப்பட்டணத்தில் இப்பணியைத் தொடங்கினார். அப்போது கண்டீரவ நரசராஜ உடையார் ஆட்சியிலிருந்தார். மதுரையில் 1606 முதல் ராபர்ட் தெ நொபிலி மேற்கொண்ட முறையே இங்கும் பின்பற்றப்பட்டது. காவியுடை, புலால் மறுத்தல், நாட்டு மொழியில் நூலியற்றல் ஆகியவற்றோடு துறவிகள் சந்நியாசிகளாகவே வாழ்ந்தனர். சின்னாமி கன்னடத்தில் ஞானோபதேச நூலும் இலக்கணமும் எழுதினார். மைசூர் உடையார்கள் கொங்குப் பகுதியில் தம் ஆட்சியை விரித்தபோது மிஷனும் உடன் விரிந்தது. சத்தியமங்கலம், தருமபுரி ஆகிய வட்டாரங்களின் சபைகள் மைசூர் மிஷனைச் சேர்ந்தவையே. எனவே அதன் துறவிகள் கன்னடத்தோடு தமிழையும் கற்க வேண்டியவராயினர். இம்மிஷனின் வரலாற்றைக் கடிதங்களின் துணைகொண்டு விரிவாக எழுதிய டி. ஃபெரோலியின் 'மைசூரில் இயேசு சபையினர்' என்னும் ஆங்கில நூல் 1955இல் கோழிக்கோட்டில் வெளிவந்தது. கொங்கு நாட்டு வரலாற்றை ஆராய்வோர் அந்நூலுக்கு உரிய இடம் தந்ததாகத் தெரியவில்லை.

இம்மிஷனைத் தளரச் செய்தவை இரண்டு. சாதி வழக்கங்களையும் உள்ளூர்ச் சடங்குகளையும் கிறித்தவத்திற்குள் எவ்வளவு ஏற்கலாம் என்னும் 'மலபார்ச் சடங்கு' வழக்கில் 1744ஆம் ஆண்டு திருத்தந்தை பதினான்காம் பெனடிக்ட் வெளியிட்ட ஆணை ஒன்று. 1773இல் இயேசு சபையே கலைக்கப்பட்டமை மற்றொன்று. அதன்பின் இப்பணி பாரீஸ் அயல்நாட்டு மறைப்பணிச் சங்கத்தாரின் கைக்கு வந்தது. 1784இல் திப்பு சுல்தான் கன்னடக் கடற்கரைக் கத்தோலிக்கரைச் சிறைப்படுத்தி ஸ்ரீரங்கப்பட்டணத்திற்குக் கொண்டுவந்த நிகழ்ச்சி அடுத்த பேரிடி. துபுவா அவர்களின் எண்ணிக்கையை அறுபதாயிரத்திற்கு மேலாகக் கூறுவார். பிற சான்றுகள் வேறுவேறு எண்களைத் தருகின்றன. அரசியற் பகையும் சமய நோக்கும் இந்நடவடிக்கையில் எந்த அளவு கலந்திருந்தன என்பதில் வரலாற்றாசிரியரிடையே ஒருமித்த கருத்தில்லை. சிறைப்பட்டோர் பலர் உயிரிழந்தனர் என்பதிலும், பலர் கட்டாயமாக மதமாற்றப்பட்டனர் என்பதிலும் ஐயமில்லை.

தொட்ட சுவாமி

1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தது. சிதறிக்கிடந்த கிறித்தவரை மீண்டும் ஒன்றுதிரட்டும் பணி துபுவாவிடம் வந்தது. பிரெஞ்சுப் புரட்சியின்போது தாய்நாட்டை விட்டு நீங்கிப் புதுச்சேரி மிஷனில் சேர்ந்தவர் அவர். தாடி, தலைப்பாகை, நாட்டுடை ஆகியவற்றோடு மக்கள் நடுவே வாழ்ந்தார். மைசூர் வட்டாரத்தில் அவரைத் 'தொட்ட சுவாமி', அதாவது பெரிய சுவாமி, என்று அழைத்தனர். ஸ்ரீரங்கப்பட்டணத்தை அடுத்த கஞ்சாமிலும் ஹாசன் பகுதியைச் சேர்ந்த சட்டஹள்ளியிலும் அவர் பெயர் இன்றும் நினைக்கப்படுகிறது.

சட்டஹள்ளியில் அவர் தம் சபையாருக்கு வேளாண் குடியிருப்பு அமைத்தார். அம்மைப்பால் குத்தும் முறையை மைசூர் நாட்டில் பரப்பியதிலும் அவருக்குப் பங்குண்டு. அக்காலத்தில் பசுவின் அம்மைப்பாலை உடலில் செலுத்துவதை மக்கள் அஞ்சினர். 1805ஆம் ஆண்டளவில் தாமஸ் ஹிக்கி தீட்டிய மைசூர் அரசகுல மகளிர் மூவரின் ஓவியம் அம்மைப்பால் குத்துதலுக்கு ஆதரவு திரட்டவே வரையப்பட்டது என்று நைஜல் சான்சலர் என்னும் வரலாற்றாய்வாளர் அண்மைக்காலத்தில் கருத்துரைத்துள்ளார். இக்கருத்தை ஏற்பின், அரண்மனைப் பெண்டிரும் ஒரு பிரெஞ்சுப் பாதிரியாரும் கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவரும் ஒரே பணியில் வெவ்வேறு வாயில்களால் ஈடுபட்டனர் என்றாகிறது. சமய வேறுபாடு இங்குத் தடையாகவில்லை.

துபுவாவிற்குப் புகழ் தேடித்தந்தது இந்து மக்களின் வழக்கங்களையும் சடங்குகளையும் பற்றிய அவரது நூலாகும். மைசூரில் கம்பெனியின் பிரதிநிதியாயிருந்த மார்க் வில்க்ஸ் அதன் கையெழுத்துப்படியைப் பரிந்துரைத்தார். சென்னை ஆளுநர் வில்லியம் பெண்டிங்க் பிரபுவின் காலத்தில் 2,000 வராகனுக்குக் கம்பெனி அதனை விலைக்கு வாங்கியது. ஆங்கில மொழிபெயர்ப்பு 1816இல் இலண்டனில் வெளிவந்தது. பியூசாம்ப் என்பவர் விரிவான பிரெஞ்சுப் படியிலிருந்து செய்த 1897ஆம் ஆண்டு மொழிபெயர்ப்பே இன்றளவும் அறிஞர் கையில் புழங்குகிறது.

இருநூறா, முந்நூறா?

துபுவா 1823இல் இந்தியாவை விட்டு நீங்கினார். அவ்வாண்டே இந்தியாவில் கிறித்தவத்தின் நிலை குறித்த அவரது கடிதங்கள் இலண்டனில் நூலாக வெளிவந்தன. 1813ஆம் ஆண்டுச் சாசனச் சட்டத்தால் பிரித்தானிய மறைப்பணியாளர்க்கு இந்தியாவின் கதவு திறக்கப்பட்டுப் பத்தாண்டுகளே ஆகியிருந்தன. விவிலிய மொழிபெயர்ப்புகளும் நன்கொடைகளும் பெருகிய காலம் அது. அத்தருணத்தில், இந்துக்களை மனமார மதமாற்றுவது இயலாத செயல் என்று முப்பதாண்டு அனுபவமுடைய பாதிரியார் ஒருவரே எழுதினார். தாம் இருபத்தைந்து ஆண்டுகள் உழைத்தும், உள்ளூர்ப் பாதிரியார் ஒருவரின் துணையிருந்தும், இருநூறு முதல் முந்நூறு பேரையே கிறித்தவராக்க முடிந்தது என்றார். அவர்களில் மூன்றில் இரு பங்கினர் பறையரும் இரந்துண்போரும் என்றும், எஞ்சியோர் சூத்திரர், நாடோடிகள், சாதிவிலக்குப் பெற்றோர் என்றும் வகைப்படுத்தினார். திருமணத்திற்காகவோ வேறு நலன்களுக்காகவோ வந்தவரே மிகுதி என்பதும் அவர் குற்றச்சாட்டு.

அவர் காட்டிய காரணங்களுள் சில கூர்மையானவை. ஐரோப்பியரின் படையெடுப்புகளும் அவர்தம் ஒழுக்கக்கேடும் கிறித்தவத்தின் மதிப்பைக் குலைத்தன. சந்நியாசி வேடம் பூண்ட துறவியரும் அதே ஐரோப்பியரே என்பது வெளிப்பட்டதும் மக்கள் விலகினர். சடங்கு வழக்கில் உரோமை எடுத்த முடிவு எஞ்சியோரையும் அகற்றியது என்பன அவை. சீர்திருத்தத் திருச்சபையாரின் வழிபாடு படிமமும் ஊர்வலமும் இசையும் இன்றி வறண்டிருப்பதால் அவர்கள் இன்னும் படுதோல்வி அடைவர் என்றும் முன்னுரைத்தார்.

மறுப்பு உடனே வந்தது. பாளையங்கோட்டையில் கம்பெனியின் குருவாயிருந்த ஜேம்ஸ் ஹஃப், வங்கத்தில் பணியாற்றிய ஹென்றி டவுன்லி ஆகிய இருவரும் 1824இல் தனித்தனியே நூலெழுதினர். இவ்விரு மறுப்புகளுள் தமிழாய்வாளர் கருதத்தக்கது ஹஃப்புடையது. ஏனெனில் அவர் பணியாற்றிய திருநெல்வேலியில்தான் இரேனியுசும் அவர்க்குப் பின் வந்தோரும் ஊர் ஊராக மக்கள் திரண்டு வருவதைக் கண்டனர். துபுவாவின் முன்னுரைப்பு அடுத்த ஒரு தலைமுறைக்குள் தமிழ்நாட்டின் தென்கோடியில் பொய்த்துப்போனது. எண்ணிக்கையே அளவுகோல் எனின் வழக்கு அங்கேயே முடிந்திருக்கும்.

ஆயினும் எண்ணைக் காட்டிலும் எண்ணிய முறையே இங்கு ஆராயத்தக்கது. துபுவா சாதியமைப்பைப் பழிக்கவில்லை. இந்தியச் சமுதாயம் காட்டுமிராண்டி நிலைக்குச் சரியாமல் காத்த அரண் அதுவே என்று தம் பெருநூலில் வாதிட்டவர். அந்நோக்கில் பிராமணரோ உயர்குடியினரோ வந்தால்தான் மதமாற்றம். பறையர் வந்தால் அது வயிற்றுப்பாடு. தம்மிடம் வந்த இருநூற்றுச் சொச்சம் பேரில் மூன்றில் இரு பங்கினரை அவர் கணக்கில் சேர்த்துக்கொண்டே கணக்கிலிருந்து நீக்கினார் எனலாம். நிலமும் கிணறும் கோயில் வாயிலும் மறுக்கப்பட்ட ஒருவர் வேளாண் குடியிருப்பில் ஏர் பிடிக்க வந்ததை நலன் நாடிய செயல் என்று தள்ளும்போது, நலன் நாடுவது ஏன் சமயக் காரணமாகாது என்னும் வினாவை அவர் எழுப்பிக்கொள்ளவில்லை. பசியையும் மானத்தையும் சமயத்தினின்று பிரித்துப் பார்க்கும் வசதி அவற்றை இழக்காதவர்க்கே உரியது.

நூலின் மூலம்

துபுவாவைச் சான்றாகக் காட்டுவோர் மனத்திற்கொள்ள வேண்டிய செய்தி வேறொன்றும் உண்டு. அவர் நூல் முழுவதும் மைசூரிலும் தமிழ்ப்பகுதிகளிலும் அவர் நேரில் கண்டவற்றின் பதிவு என்றே நெடுங்காலம் நம்பப்பட்டது. சில்வியா மர் என்னும் பிரெஞ்சு ஆய்வாளர் இலண்டன் இந்தியா அலுவலக நூலகத்தில் கண்டெடுத்த 1777ஆம் ஆண்டுக் கையெழுத்துப்படி ஒன்று இந்நம்பிக்கையைக் குலைத்தது. தெவோல் என்பவர் தொகுத்த அப்படி, கர்தூ (1691-1779) என்னும் இயேசு சபைத் துறவியின் எழுத்துகளை அடிப்படையாகக் கொண்டது. அதனை ஆய்வுரையோடு மர் 1987இல் வெளியிட்டார். துபுவாவின் நூலிற் பெரும்பகுதி கர்தூவின் எழுத்தை அடியொற்றியது என்பது அதனால் நிறுவப்பட்டது.

கர்தூ சாதாரணமானவர் அல்லர். சமஸ்கிருதத்திற்கும் இலத்தீன், கிரேக்க மொழிகளுக்கும் உள்ள உறவினை வில்லியம் ஜோன்சுக்கு முன்பே, 1767அளவில், பாரீஸ் கழகத்திற்கு எழுதிய அறிஞர். ஆனால் அவர் வாழ்ந்தது தெலுங்கு நாட்டை உள்ளடக்கிய கருநாடக மிஷனில். ஆகவே துபுவாவின் பக்கங்களில் வரும் சடங்கு ஒன்றை பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தொடக்கத்து மைசூருக்கோ தஞ்சைக்கோ உரியதாகக் காட்டுமுன், அது ஐம்பது அறுபது ஆண்டுகட்கு முற்பட்ட தெலுங்கு நாட்டுச் செய்தியாயிருக்கக்கூடும் என்பதைக் கருதவேண்டும். தமிழ்ச் சமூக வரலாறு எழுதுவோரில் பலர் 1987க்குப் பின்னரும் இவ்வெச்சரிக்கையின்றி துபுவாவை மேற்கோள் காட்டுகின்றனர். கடிதங்களின் நிலை வேறு. அவற்றிலுள்ள இருநூறும் முந்நூறும் அவருக்கே உரிய கணக்கு. மைசூர்ப் பணியின் கசப்பும் அவருக்கே உரியது.

கதைகளைப் பொறுத்தவரை அவர் தமிழுக்குக் கடன்பட்டவர். 1826இல் பாரீசில் அவர் வெளியிட்ட பஞ்சதந்திர மொழிபெயர்ப்போடு பரமார்த்த குருவின் கதையையும் சேர்த்து அச்சிட்டார். வீரமாமுனிவரின் பெயரோடு வழங்கும் அக்கதை பிரெஞ்சு வாசகரை அடைந்த வழிகளுள் இதுவும் ஒன்று.

அரசரின் சொற்கள்

துபுவா சென்ற பின் மைசூரின் அரசியல்நிலை மாறியது. 1831இல் கம்பெனி ஆட்சிப் பொறுப்பைத் தன் ஆணையர்களிடம் ஒப்படைத்தது. மூன்றாம் கிருஷ்ணராஜ உடையார் (ஆட்சிக்காலம் 1799-1868) அரியணையில் இருந்தார், அதிகாரம் இல்லை. வரியும் படையும் நீதியும் கைவிட்டுப் போன ஓர் அரசர்க்கு எஞ்சியிருந்தது கொடையும் அறமும் கலையும் புரத்தல் ஒன்றே. அவர் கோயில்களுக்கு அளித்தவை பலரும் அறிந்தவை. 1833இல் மைசூரில் ஆங்கிலப் பள்ளி ஒன்றையும் நிறுவினார். அதன் நிருவாகம் சிறிதுகாலம் வெஸ்லியன் மிஷனாரிடம் இருந்தது. அவர் 1843இல் லஷ்கர் பகுதியில் கிறித்தவர்க்குத் தேவாலயம் ஒன்றும் கட்டித்தந்தார்.

அத்தேவாலயத்தின் கல்வெட்டு இன்றைய பேராலயத்தில் காக்கப்படுகிறது. ஒளியுலகையும் மண்ணுலகையும் படைக்கப்பட்ட உயிர்த்தொகுதி அனைத்தையும் ஆக்கியும் காத்தும் ஆண்டும் வரும் ஒரே இறைவனின் பெயரால் அது தொடங்குகிறது. உலகிற்கு ஒளியாகிய இயேசு கிறிஸ்து மனிதராக அவதரித்த 1843ஆம் ஆண்டில் இத்தேவாலயம் கட்டப்பட்டது என்பது அதன் செய்தி.

இதன் சொல்லமைப்பு கூர்ந்து நோக்கத்தக்கது. தானசாசனங்கள் கடவுள் வாழ்த்தோடு தொடங்குவது இந்நாட்டு மரபு. சிவனையோ திருமாலையோ விளிக்கும் இடத்தில் இங்கு உலகனைத்திற்கும் பொதுவான இறைவன் விளிக்கப்படுகிறான். ஆக்கல், காத்தல், ஆளல் என்னும் தொழில்களால் அவ்விறைவன் அறியப்படுவதும் மரபே. சகம் அல்லது கலியாண்டு வரவேண்டிய இடத்தில் கிறித்துவின் பிறப்பாண்டு வருகிறது. ஆனால் பிறப்பு அவதாரமாகச் சொல்லப்படுகிறது. கிறித்தவ இறையியல் அவதாரம் என்னும் சொல்லைத் தயங்கித் தயங்கியே ஏற்றது. ஒருமுறை மட்டுமே நிகழ்ந்த மனிதவுருவேற்பை யுகந்தோறும் நிகழும் அவதாரத்தோடு ஒன்றாக்கும் அபாயத்தை அதன் அறிஞர் அஞ்சினர். அரசரின் கல்லுக்கு அத்தயக்கமில்லை. தன் மரபின் சொற்களைக் கொண்டே விருந்தினரின் இறைவனை அது வரவேற்கிறது.

அரசர் மதம் மாறவில்லை. மாறும் எண்ணமும் அவர்க்கிருந்ததாகச் சான்றில்லை. சாமுண்டீசுவரியின் அடியவராகவே வாழ்ந்தார். துபுவாவின் அளவுகோலால் இந்நிகழ்ச்சியின் மதிப்பு சுழியம். ஆயினும் மறைப்பணி ஒரு சமுதாயத்தில் பெறக்கூடிய இடம் என்ன என்பதை இக்கல்வெட்டைப் போலத் தெளிவாக வேறெதுவும் கூறவில்லை. அந்த இடத்தை வரையறுத்தது மிஷன் அன்று, புரவலரே. இறைவன் ஒருவன், பெயர்கள் பல என்னும் நோக்கில் கிறித்தவத்திற்கும் ஓர் இருக்கை தரப்பட்டது. ஏனைய இருக்கைகளை அகற்றும் உரிமை அதனோடு தரப்படவில்லை.

எடுத்துக்கொண்டதும் விட்டதும்

வெஸ்லியன் மிஷனின் வரலாறும் தமிழிலேயே தொடங்குகிறது. தமிழறிந்த எலைஜா ஹூல் 1821இல் பெங்களூரில் பணியைத் தொடங்கினார். தண்டு எனப்படும் படைக்குடியிருப்பின் தமிழரே அவர்தம் முதற் கேட்போர். கன்னடப் பணி 1830களில் தாமஸ் ஹாட்சன் முதலானோரால் வலுப்பெற்றது. 1839இல் குப்பிக்கு வந்த வில்லியம் ஆர்தர் எழுதிய மைசூர் மிஷன் பற்றிய நூல் 1847இல் வெளியாயிற்று. மைசூர் நகரில் இம்மிஷனின் அடையாளமாக நிலைத்தவை அச்சகமும் பள்ளிகளும் மருத்துவமனையும். ஹென்றி ஹேய்க் 1887இல் தொடங்கிய 'விருத்தாந்த பத்திரிகெ' என்னும் கன்னட வார இதழ் கிறித்தவரல்லாதார் வீடுகளிலும் படிக்கப்பட்டது. வெஸ்லி அச்சகம் கன்னட நூலச்சிற்கே ஒரு தரத்தை வகுத்தது. மண்டி மொஹல்லாவில் 1906இல் மேரி கால்வர்ட் ஹோல்ட்ஸ்வொர்த்தின் நினைவாகத் திறக்கப்பட்ட மருத்துவமனை தொடக்கத்தில் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் உரியதாயிருந்தது. ஆண் மருத்துவரிடம் செல்லாத இந்து, இசுலாமியப் பெண்டிர் அங்குச் சென்றனர். நகர மக்கள் அதனை மிஷன் ஆஸ்பத்திரி என்றே அழைத்தனர்.

நகரத்தார் இக்கருவிகளை வாங்கிக்கொண்டதோடு நில்லாது தாமே செய்தும் கொண்டனர். மிஷன் பெண்பள்ளிகளில் விவிலியப் பாடம் கட்டாயம் என்பதால் உயர்சாதிக் குடும்பங்கள் தயங்கின. அரண்மனை அலுவலரான ஏ. நரசிம்ம அய்யங்கார் 1881இல் மகாராணியின் பெயரால் பெண்பள்ளி ஒன்றைத் தொடங்கினார். வீட்டு வழக்கங்களுக்கு ஊறு நேராமலும் இந்திய இசையைச் சேர்த்தும் அங்குக் கற்பிக்கப்பட்டது. பின்னாளில் அது மகாராணி கல்லூரியாக வளர்ந்தது. கல்வி என்னும் கருவியை ஏற்று, கற்பித்தவரின் சமயத்தை விலக்கிய செயல் இது. மிஷனுக்கு இதனைத் தோல்வியென்பதா வெற்றியென்பதா என்று ஆண்டறிக்கை எழுதியோர் தடுமாறியிருக்கக்கூடும். மைசூர்ப் பெண்கல்வியின் வரலாற்றிற்கு அத்தடுமாற்றம் பொருட்டன்று.

அரசுப் பணியிலும் இதே இணக்கம் காணப்பட்டது. 1883 முதல் 1901 வரை திவானாயிருந்த சேஷாத்ரி அய்யரின் காலத்தில் கத்தோலிக்கரான டி.ஆர்.ஏ. தம்பு செட்டி தலைமை நீதிமன்றத்தின் முதல் இந்தியத் தலைமை நீதிபதியாக உயர்ந்தார். பொறுப்புத் திவானாகவும் பணியாற்றினார். 1892இல் விவேகானந்தர் மைசூர் அரண்மனையில் விருந்தினராகத் தங்கியதும் இக்காலத்திலேயே.

இவ்விணக்கத்தை மிகைப்படுத்துவதும் பிழையாகும். அது அரண்மனையும் அலுவலரும் கற்றோரும் தம்முள் கொண்ட இணக்கம். துபுவா கணக்கிலிருந்து நீக்கிய மக்கள் இவ்வரங்கில் இல்லை. அதே மைசூர் நாட்டின் கிழக்கெல்லையில், கோலார் தங்கவயலில், வடார்க்காட்டுப் பகுதியிலிருந்து சென்ற தமிழ்த் தொழிலாளர் ஆயிரக்கணக்கில் சுரங்கத்தில் இறங்கினர். அவர்களுள் ஒருசாரார் கிறித்தவ சபைகளைச் சேர்ந்தனர். மற்றொரு சாரார் அயோத்திதாசப் பண்டிதரின் வழியில் பௌத்தத்தைத் தழுவினர். மாரிக்குப்பத்தில் சாக்கிய பௌத்த சங்கத்தின் கிளை இயங்கியது. 1907இல் தொடங்கிய அவரது இதழை ஆதரித்துப் படித்தோருள் அவ்வூரார் குறிப்பிடத்தக்கவர். மிஷன் பள்ளியும் மிஷன் மருத்துவமும் கிடைத்த சூழலிலும் அவர்கள் வேறு சமயத்தைத் தேர்ந்தனர் என்பது, அத்தகையோர் வயிற்றுக்காகவே சமயம் மாறுவர் என்ற துபுவாவின் கருத்துக்கு ஹஃப்பின் நூலைவிட வலிய மறுப்பாகும். பௌத்தம் அவர்களுக்குச் சோறு தரவில்லை. பழைய பெயரொன்றை மீட்டுத் தந்தது. கிறித்தவத்தைத் தேர்ந்த அவர்தம் உறவினரின் தேர்வையும் அதே மதிப்போடு படிக்கவேண்டியிருக்கிறது.

இரண்டாம் ஆலயம்

1926இல் மகாராஜாவின் செயலாளராயிருந்த தம்பு செட்டி குடும்பத்தவர் ஒருவர், திருத்தந்தையின் பிரதிநிதி பீட்டர் பிசானியிடமிருந்து புனித ஃபிலோமினாவின் திருப்பண்டம் ஒன்றைப் பெற்றார். அதனைப் பெற்றுக்கொண்ட கோஷே அடிகளார் ஆலயம் எழுப்ப அரசரின் உதவியை நாடினார். 1933 அக்டோபர் 28ஆம் நாள் நான்காம் கிருஷ்ணராஜ உடையார் அடிக்கல் நாட்டினார். இறைவனின் இரக்கமும் மனிதரின் நன்றியும் ஆகிய இரட்டை அடித்தளத்தின்மேல் இவ்வாலயம் நிற்கும் என்ற கருத்துப்பட அவர் அன்று பேசினார். டேலி என்னும் பிரெஞ்சுக்காரர் ஜெர்மனியின் கொலோன் பேராலயத்தை நினைவூட்டும் கோதிக் பாணியில் இதனை வடிவமைத்தார். 1936இல் கட்டி முடிக்கப்பட்டது. தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பு பாட்டனார் தந்த இருக்கையைப் பேரர் பெரிதாக்கித் தந்தார் எனினும் பொருந்தும். மூன்றாம் கிருஷ்ணராஜரின் தத்துப்புத்திரர் பத்தாம் சாமராஜரின் மகனே நான்காம் கிருஷ்ணராஜர்.

மைசூர் மறைமாவட்டத்தின் தலைமையிடம் 1940வரை பெங்களூரில் இருந்தது. அவ்வாண்டு பெங்களூர் தனி மறைமாவட்டமானபோது மைசூர் நகரம் தலைமையிடமாயிற்று. 1955இல் இதனின்று நீலகிரியை உள்ளடக்கிய உதகை மறைமாவட்டம் பிரிந்தது. சின்னாமியின் காலத்தில் சத்தியமங்கலத்தோடு பிணைந்திருந்த மிஷனுக்கும் தமிழ்நிலத்துக்கும் இருந்த நிருவாகத் தொடர்பு மூன்று நூற்றாண்டுகளுக்குப் பின் இவ்வாறு தளர்ந்தது.

1961இல் உரோமை, வரலாற்றுச் சான்று போதாமையால், ஃபிலோமினாவின் பெயரைத் திருவழிபாட்டு நாட்காட்டிகளிலிருந்து நீக்கியது. மைசூரில் எவரும் ஆலயத்தின் பெயரை மாற்றி அழைக்கவில்லை. பலிபீடத்தின் கீழுள்ள நிலவறையில் துயிலும் கோலத்தில் அவள் திருவுருவம் இன்றும் உள்ளது. தேவராஜச் சந்தையில் பூ வாங்கிச் சாமுண்டி மலைக்குச் செல்பவருள் சிலர் அந்நிலவறைப் படிகளிலும் இறங்கி வருகின்றனர்.